அரைப் பேர்

சென்ற மாதம் ஒரு காலை, நான் கடைசியாக அதிபராக இருந்த தோட்டப் பாடசாலையிலிருந்து சுகன்யா என்ற இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். எனக்குப் பின் அங்கு வந்தவர், நேரில் பார்த்ததில்லை. பழைய சேர்விடாப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை பாடசாலையில் சேரும் நாளில் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் விபரம் எல்லாவற்றையும் எழுதி அதிபர் கையொப்பமிடும் பெரிய புத்தகத்தைத்தான் சேர்விடாப்பு என்போம்.

“சேர், ஒரு பிள்ளையோட வரியில, குறிப்புக் கட்டத்துல, பென்சிலால என்னமோ எழுதி அழிச்சிருக்கு. பக்கத்தச் சாய்ச்சுப் பாத்தா ‘தவி’ன்னு ரெண்டெழுத்து தெரியுது. மத்தது வெளங்கல. அது என்ன சேர்?”

பிள்ளையின் பெயரைக் கேட்டேன். லோகேஸ்வரி என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எழுதியதும் நான்தான், அழித்ததும் நான்தான்.

ஓய்வு பெற்ற அதிபர்கள் தங்கள் அனுபவங்களை எழுதித் தர வேண்டும் என்று இந்தச் சஞ்சிகையை நடத்தும் ஆசிரியர்கள் ஆறு மாதமாகக் கேட்கிறார்கள். மண்சரிவில் வகுப்பறை போனதையும், முதன்முதலாக எங்கள் பிள்ளை ஒன்று பல்கலைக்கழகம் போனதையும் எழுதலாம் என்றிருந்தேன். அந்த அழைப்புக்குப் பின் அவற்றை எழுதக் கை வரவில்லை. இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கலாசாலையில் பயிற்சி, வேலையில் இருந்துகொண்டே வெளிவாரிப் பட்டம், பிறகு கொத்மலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உதவி ஆசிரியர். அங்கே அதிபராக இருந்த மாணிக்கவாசகம் சேரிடம்தான் நான் வேலை கற்றேன். அவர் குள்ளமான மனிதர். சத்தமாகப் பேச மாட்டார். பிள்ளைகளைச் சேர்க்கும் நாட்களில் மட்டும் அவர் குரல் உயரும். இடாப்பைப் பெற்றோர் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து, எழுதப் போவதை உரக்க வாசித்துக் காட்டுவார். வாசிக்கத் தெரியாத தாய்மாருக்கும் அப்படித்தான். அதன் பிறகு பிள்ளையை முன்னால் அழைத்து, “உன் பேர் என்ன?” என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் ஒரே பெயரைச் சொன்னால்தான் பேனாவைத் திறப்பார்.

அவருடைய முறை ஒன்று இருந்தது. பத்திரத்தில் உள்ளதை மையில் எழுத வேண்டும், வாயால் கேட்டதைப் பென்சிலால் குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டும். தாய் ஒன்று சொல்லிப் பத்திரம் வேறொன்று சொன்னால் இரண்டும் அந்த வரியில் இருக்கும். “எது சரின்னு தீர்க்கிறது நம்ம வேலையில்ல தம்பி. ரெண்டையும் வச்சிருக்கிறதுதான் நம்ம வேலை” என்பார். அவர் மேசையில் கூரிய பென்சில்கள் நாலைந்து எப்போதும் இருக்கும். அழிறப்பர் இருந்ததே இல்லை. நான் ஒருநாள் புதிதாக ஒன்றை வாங்கி வைத்தபோது, எடுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்.

நான் அதிபராகி ராகலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தபோது இந்த முறையையும் கொண்டு வந்தேன்.

வந்து சில ஆண்டுகள் ஆன பின், முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் கடைசி நாளில், பார்வதி என்ற கொழுந்தெடுக்கும் பெண் தன் மகளுடன் வந்தாள். மத்தியானம் மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. பிறப்புச் சான்றிதழைக் கேட்டேன். பொலித்தீன் உறையிலிருந்து மிகக் கவனமாக எடுத்து நீட்டினாள். வைத்தியசாலையில் பிறந்த பிள்ளைக்குரிய ஒழுங்கான சான்றிதழ். லோகேஸ்வரி, நவம்பர் மாதம். கணக்குப் பார்த்தால் பிள்ளைக்கு ஆறு வயது தாண்டியிருந்தது. முன்னால் நின்ற பிள்ளையைப் பார்த்தேன். அது என் மேசை உயரத்துக்குக்கூட வரவில்லை.

“இது மூத்தவளோடதுங்க ஐயா,” என்றாள் பார்வதி. “அவ மூணு மாசத்துல தவறிட்டா. இவளுக்கு எழுதலீங்க.”

இவள் பிறந்தது அந்த நவம்பருக்குப் பின் ஒரு தை விட்டு அடுத்த தை மாதக் கடைசியில். மழையில் பாதை சரிந்து பஸ் நின்றிருந்த கிழமை. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவிலேயே பிறந்துவிட்டாள். புருஷன் கொழும்பில் கடையில் நின்றான். முதல் பிள்ளை தங்காமல் போனதால் இரண்டாவதற்குச் செய்யும் முறைப்படி, பக்கத்துக் காம்பராக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். அப்படி வாங்கிய பிள்ளைக்குப் பெரிய பெயர் வைக்கக் கூடாது. வைத்தால் சாவுக்குக் கண் தெரிந்துவிடும். ஆகவே தவுடு என்றே கூப்பிட்டார்கள். பதிவு செய்யும் காலமும் கடந்துவிட்டது. மூத்தவளின் சாவையும் யாரும் பதியவில்லை. தேயிலை ஓரத்தில் புதைத்ததோடு சரி.

காலங்கடந்து பதிவதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்வதிக்குச் சொன்னேன். மூத்தவளின் இறப்பை முதலில் பதிய வேண்டும். இளையவளின் பிறப்பு எங்கும் பதியப்படவில்லை என்று தேடிப் பார்த்துக் கடிதம் எடுக்க வேண்டும். சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம், தோட்டத்துக் கடிதம். அவள் விரல்களை மடக்கினாள்.

“அஞ்சு பேர் போயிருமுங்களே ஐயா.”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையில் நின்று, சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்குப் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். பிள்ளைக்கு ஒரு பேர் எடுக்கத் தனக்கு ஐந்து பேர் போகும் என்று அவள் சொன்னதிலிருந்த வேடிக்கை அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, உள்ளுக்குள் சிரித்தேன்.

உத்தேச வயதுச் சான்றிதழ் பெற்றுத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ள வழி இருந்தது. அதற்கு நான் இரண்டு கடிதம் எழுத வேண்டும், ஒருமுறை நுவரெலியா போக வேண்டும். அன்று மாலைக்குள் வலயக் கல்விப் பணிமனைக்குப் பட்டியல் போக வேண்டும். நான் சொன்னது இதுதான்:

“இந்தப் பத்திரத்தையே வச்சுக்குவோம். ஒரு வயசு கூடினா படிப்புக்கு என்ன வந்துரப் போகுது?”

பார்வதி தயங்கினாள். “அப்ப இவளும் லோகேஸ்வரிதானுங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நிறைவுடன் சொன்னேன். அதன் பின் என் குருவின் முறைப்படி பிள்ளையை முன்னால் அழைத்துப் பெயரைக் கேட்டேன்.

“தவுடு.”

“இல்லம்மா. இனி யாரு கேட்டாலும் லோகேஸ்வரின்னு சொல்லணும். எங்க, சொல்லு.”

“அது செத்துப்போன அக்காங்க,” என்றது பிள்ளை.

மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை, தாயைப் பார்த்துவிட்டு, லோகேஸ்வரி என்றது. பேனாவைத் திறந்து பத்திரத்தில் உள்ளதை எழுதினேன். பிறகு பென்சிலை எடுத்துக் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: ‘தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. மூத்தவள் இறப்பு. இவள் பிறந்தது தை, தாய் சொன்னபடி.’ வருடத்தையும் திகதியையும் எழுதினேன். அதைப் பார்வதிக்கு வாசித்தும் காட்டினேன். எனக்கு மனம் லேசாக இருந்தது. இரண்டையும் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

எங்கள் பாடசாலைக்கு மைதானம் என்று ஒன்று இல்லை. தோட்டத்து விளையாட்டுத் திடலைத்தான் பாவிப்போம். அது மலையை வெட்டி எடுத்த இடம். ஒரு பக்கம் மண் சுவர். இன்னொரு பக்கம் நேரே சரிவு, தேயிலை, கீழே தண்ணீர் ஓடும் கான். பந்து அந்தப் பக்கம் போனால் அந்த ஓரத்தில் நிற்பவர்தான் இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது பிள்ளைகளின் சட்டம். இறங்கி ஏறக் கால் மணித்தியாலம் ஆகும். அட்டைக்கடி வேறு.

தவுடு ஆறாம் வகுப்பில் உதைபந்து விளையாடத் தொடங்கினாள். அவளை எப்போதும் சரிவு ஓரத்தில் நிறுத்துவார்கள். அவள் அடிக்கும் பக்கத்துக்கு அது இடது ஓரம். பந்தை வெளியே விடாமல் இடது காலால் கோட்டின் மேலேயே பிடித்து நிறுத்தக் கற்றுக்கொண்டாள். அவள் திறமை எல்லாம் கானுக்குள் இறங்கப் பயந்து வந்தது என்று அவளே பின்னாளில் சொன்னாள். மேலே நின்று பார்க்கும் பெண்கள் “ஏய் தவுடு, வுட்றாத” என்று கத்துவார்கள். லோகேஸ்வரி என்று திடலில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்தப் பெயர் வரவு இடாப்பில் மட்டும் ‘பிரசன்னம்’ சொல்லும்.

அவளுக்கு அடையாள அட்டைக்கான வயது வந்தபோது விண்ணப்பத்தில் அதிபர் கையொப்பமிட வேண்டும். நவம்பர் மாதத் திகதியைப் பார்த்தேன். பென்சில் குறிப்பு நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. மேசையில் இருபத்தெட்டு விண்ணப்பங்கள் இருந்தன. இருபத்தெட்டிலும் கையொப்பமிட்டேன்.

அந்த நேரத்தில் கிரிஜா என்ற விளையாட்டு ஆசிரியை வந்து சேர்ந்தார். ராகலை டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். அவர் வந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்கும் மாகாணப் போட்டிக்கும் போனார்கள். அங்கே தவுடைப் பார்த்தவர்கள், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தேசிய அணித் தெரிவுக்கு அழைத்தார்கள். அயல் நாடுகள் எல்லாம் பங்குபற்றும் சர்வதேசப் போட்டி. நுவரெலியாவில் நடந்த முதல் தெரிவுக்கு நானும் போயிருந்தேன். தெரிவாளர் ஒருவர், வயதானவர், “நங்கிகே வம கக்குல” என்று சிங்களத்தில் சொல்லித் தன் இடது தொடையைத் தட்டிக் காட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். தங்கச்சியின் இடது கால் என்று பொருள்.

பயிற்சி முகாமுக்குக் கொழும்பு போனாள். நானுஓயா ஸ்டேஷனில் பாடசாலையே நின்று வழியனுப்பியது. சிங்களப் பிள்ளைகள் அவளைத் ‘தவு’ என்று கூப்பிடுவதாகவும், அதை ஏதோ நவீனமான பெயர் என்று நினைப்பதாகவும் கிரிஜா சொன்னார். தவிடு என்றால் என்ன என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை.

முகாமின் இரண்டாம் கிழமையில் பத்திரங்களைக் கேட்டார்கள். போட்டிக்கு எல்லைத் திகதி ஒரு சனவரி முதலாம் திகதி. அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள்தான் ஆடலாம். லோகேஸ்வரியின் சான்றிதழ் அந்தத் திகதிக்கு ஆறு கிழமை முந்தியது. தவுடு அந்தத் திகதிக்கு ஒரு வருடத்துக்கும் பின்னால் பிறந்தவள். மணிக்கட்டை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டொக்டர், இந்தப் பிள்ளை வயது கூடியவள் அல்ல என்றே எழுதியிருந்தார். எலும்பு ஒன்றும் கடதாசி ஒன்றும் சொன்னதால் அவர்களுக்கும் குழப்பம். சேர்விடாப்பின் அந்தப் பக்கத்தின் பிரதியையும் அதிபரின் கடிதத்தையும் கேட்டு அனுப்பினார்கள். உண்மைத் திகதிக்கு அந்தக் காலத்து எழுத்துச் சாட்சி ஏதாவது இருந்தால், அதைக் கொண்டு பதிவை அவசரமாகத் திருத்த முயற்சிக்கலாம் என்று கிரிஜாவிடம் சொன்னார்களாம். முயற்சிக்கலாம் என்றுதான் சொன்னார்கள். முடியும் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை நான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கிரிஜா என் அறைக்கு வந்தார்.

“பார்வதி அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க சேர். நீங்க அன்னைக்கே பென்சிலால எழுதி, வாசிச்சும் காட்டுனீங்களாம். அது ஒண்ணு போதும் சேர்.”

நாளைக்குப் பார்த்துத் தருகிறேன் என்றேன். நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது.

மறுநாள் இடைவேளையில், பிள்ளைகள் எல்லாம் வெளியே சத்தமிட்டுக்கொண்டிருந்தபோது, அலுமாரியிலிருந்து இடாப்பை எடுத்தேன். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது, நல்ல எழுத்து. பிரதி எடுத்தால் தெளிவாக விழும். இறந்த பிள்ளையின் பத்திரம் என்று தெரிந்தே சேர்த்திருக்கிறேன், தெரிந்தே அடையாள அட்டைக்குக் கையொப்பமிட்டிருக்கிறேன் என்பதற்கு என் கையெழுத்திலேயே சாட்சி. வகுப்பில் பிள்ளைகளிடம் பறித்த சாமான்கள் போட்டு வைக்கும் டின் ஒன்று மேசையில் இருந்தது. அதில் ஸ்ட்ரோபெரிப் பழம் போல ஓர் அழிறப்பர். எடுத்து அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. துகளை ஊதிவிட்டேன்.

ஏன் செய்தேன் என்பதைப் பல விதமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஓய்வூதியம் நின்றுவிடும் என்று பயந்தேன். அது உண்மை. ஆனால் நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை, நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. பார்வதிக்கு வழக்கு வரும் என்று நினைத்தேன். அதுவும் உண்மை, ஆனால் அந்த எண்ணம் அழிக்கும்போது வந்ததா, அழித்த பின் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. பிரதி சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்ததாகவும் ஒரு ஞாபகம். இது எவ்வளவு அற்பமான காரணம் என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் அழிறப்பர் கையில் இருந்தபோது இதுதான் மனதில் இருந்ததோ என்று சந்தேகமாக இருக்கிறது.

கிரிஜா வந்ததும் இடாப்பைத் திருப்பி வைத்தேன். மாணிக்கவாசகம் சேர் பெற்றோரிடம் திருப்பி வைப்பதைப் போலவே.

“எங்க எழுதியிருக்கு? நீங்களே பாருங்க. அந்தக் காலத்துல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லியிருப்பாங்க. அந்த அம்மாவுக்கு மாறிப் போச்சு.”

அவர் குனிந்து பார்த்தார். கட்டத்தில் விரலை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்காமல், மேசையில் இருந்த டின்னைப் பார்த்தார்.

“ஸ்ட்ரோபெரி வாசம் அடிக்குது சேர்,” என்றார்.

சேர்விடாப்பின்படி பிறந்த திகதி நவம்பர் என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரியும் பொய் இல்லை. அவர் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரை என் அறைக்குள் அவர் வந்ததில்லை. ஏதாவது தேவையென்றால் வாசலில் நின்று கேட்பார்.

ஐந்தாம் நாள் தவுடு திரும்பி வந்தாள். முகாமில் கொடுத்த பையைத் திருப்பி வாங்கவில்லையாம். அதிலேயே புத்தகங்களைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு வந்தாள். காலை வணக்கம் சொன்னாள். நான் என்னவோ கேட்கப் போய், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்டேன். படிக்கிறேன் என்றாள்.

போட்டி நடந்தது. எங்கள் தேசிய அணியின் முதல் ஆட்டத்தைக் கிரிஜா தன் கைத்தொலைபேசியில் வகுப்பறையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார். சத்தம் கேட்டு நானும் போய்ப் பின்னால் நின்றேன். தவுடு முன் வரிசையில் இருந்துகொண்டு, திரையில் ஓடுகிற ஒவ்வொருத்தியையும் அடையாளம் காட்டிக்கொண்டிருந்தாள். இவள் முகாமில் என் பக்கத்துக் கட்டில், இவள் கருவாடு இல்லாமல் சாப்பிட மாட்டாள், இவளுக்கு இருட்டுக்குப் பயம். பிள்ளைகள் சிரித்தார்கள். இடது ஓரத்தில் பந்து போனது. அங்கே நின்ற பெண் அதை நிறுத்த முடியாமல் கோட்டுக்கு வெளியே விட்டாள். அடுத்த முறையும் விட்டாள்.

“அவ வலது காலுக்காரிடி,” என்றாள் தவுடு. “பாவம், அங்க நிக்க வச்சுட்டாங்க.”

தோற்றோம். ஒரு கோல் வித்தியாசம். அவள் போயிருந்தால் வென்றிருப்போம் என்று சொல்லவில்லை. போயிருப்பாளா என்பதே தெரியாது. நான் கொடுத்திருக்கக்கூடிய கடிதம் கொழும்பில் ஒரு மேசையில் கிடந்து காலம் கடந்து போயிருக்கலாம். இரவுகளில் நான் என்னைத் தேற்றிக்கொள்வது இதைச் சொல்லித்தான். விடிந்தால் அது தேறுதலாகத் தெரிவதில்லை.

பிரியாவிடையின்போது மாலை போட்டார்கள். இடாப்புகளை இவ்வளவு சுத்தமாக வைத்திருந்த அதிபரைக் கண்டதில்லை என்று பணிமனை உத்தியோகத்தர் பேசினார்.

சுகன்யாவின் அழைப்புக்குப் பின் மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. பார்வதி லயத்து வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். “ஐயா வாங்க, வாங்க” என்று எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டாள். தவுடும் வந்திருந்தாள். கொழும்பில் ஒரு கம்பனியில் பொதி கட்டும் வேலை. அந்தக் கம்பனியின் பெண்கள் அணியில் விளையாடுகிறாளாம். இரண்டு நாள் லீவு. உயரமாகிவிட்டாள்.

தேநீரைக் குடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். டின், அழிறப்பர், கடிதம், எல்லாம். பார்வதி நான் மறந்துவிட்டேன் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறாள். வயதாகிவிட்டது, பாவம், எங்கேயோ எழுதி வைத்துவிட்டார் என்று கிரிஜாவிடம் எனக்காகப் பேசியும் இருக்கிறாள். நான் சொல்லி முடித்ததும் மிளகாயைக் கிண்டிவிட்டாள்.

“கொழுந்து கொறஞ்சா எங்களுக்கு அரைப் பேர் போடுவாங்க ஐயா. ஏன்னு கேட்டா கணக்கப்புள்ள ஒரு காரணம் சொல்லுவாரு. தண்ணி கழிச்சேன்பாரு, முத்தல் இருந்திச்சும்பாரு. பொய்யோ நெசமோ, ஒண்ணு சொல்லுவாரு. நீங்க எம்புள்ளைக்கு அரைப் பேர் போட்டிருக்கீங்க. எதுக்குன்னு சொல்லுங்க ஐயா.”

மேலே எழுதிய மூன்று காரணங்களில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். எது என்று தெரியவில்லை. “தெரியலம்மா” என்றேன். அறுபது வயதைத் தாண்டிய, பட்டம் பெற்ற ஒரு மனிதன் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு சொன்ன பதில் அதுதான். அவள் என்னைத் திட்டவில்லை. தேநீர் ஆறுகிறது என்றாள்.

நான் அதோடு எழும்பியிருக்க வேண்டும். ஆனால் ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை விடவில்லை. இப்போது நான் சத்தியக் கடதாசி முடித்துத் தருகிறேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன், எனக்கு என்ன வந்தாலும் வரட்டும், பதிவைத் திருத்திவிடலாம் என்று தவுடைப் பார்த்துச் சொன்னேன். அவள் வாசற்படியில் இருந்து சப்பாத்துக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப மொதல்ல அக்கா செத்துட்டான்னு எழுதணுமே சேர்,” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“லோகேஸ்வரி செத்துட்டா அவ ஐடென்டி கார்டும் செத்துரும். அவ ஓ. எல். ரிசல்ட்ஸ், பேங்க் புக், கம்பனி லெட்டர், எல்லாம் அவ பேருலதான் இருக்கு. டீம்லயும் அவதான் ஆடுறா. நீங்க இப்ப உண்மைய எழுதுனா தவுட்ட யாரு சேர் எடுப்பா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பார்வதியும் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை என்பதைக் கண்டு, அவளே எழுந்து வந்து தேநீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

“அப்பவே எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும் சேர். இப்ப விட்ருங்க.”

இதை எழுதலாமா என்று கேட்டேன். பேரை மாற்றி எழுதுங்கள் என்றாள். மாற்றியிருக்கிறேன். மூன்றாவதாக ஒரு பேரையும் அவளுக்கு நான்தான் போட்டிருக்கிறேன்.

மறுநாள் சுகன்யாவை அழைத்தேன். பத்திரத்தில் உள்ள திகதியையே ஏற்றுங்கள் என்றேன்.

“குறிப்புக் கட்டம் சேர்? வெறுமையா விட்டாலும் கணினி எடுத்துக்கும்.”

வெறுமையாகவே விடச் சொன்னேன். அவர் தட்டெழுதும் சத்தம் கேட்டது. அடுத்த வரிக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

“சேர், சும்மா கேக்குறேன். அந்தப் புள்ள இப்ப இருக்கா?”

எந்தப் பிள்ளையைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. மைப் பேனாவால் எழுதியவளையா, பென்சிலால் எழுதியவளையா? அவருக்குத் தெரிந்தது ஒரு பிள்ளைதான் என்பது நினைவு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“இருக்கா,” என்றேன்.